லயம் என்றால் தாளமாம்

மாத்தளை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே எனக்கு ஓர் அறை. துணைக்கு ஒரு மடிக்கணினி. நாம் பேசும் தமிழைக் கேட்டுச் சிங்களத்தில் சொல்லும் மென்பொருள் ஒன்றுக்குப் பிழை திருத்துவது என் வேலை. நாள் முழுக்கப் பேச்சை வைத்துத்தான் பிழைப்பு. ஆனால் வாய் திறந்து பேச ஓர் ஆள் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தவர் பழைய கதையெல்லாம் சொன்னார். ஆரம்பத்தில் இலக்கணத்தையும் அகராதியையும் கையால் எழுதி இயந்திரத்துக்குள் திணித்தார்களாம். நாம் என்ன இலக்கணம் பார்த்தா பேசுகிறோம்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. பிறகு வந்தவர்கள், எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தை வைத்தே ஒரு சொல்லின் பொருளை ஊகிப்பது. இன்றைய பெரிய இயந்திரங்களுக்கும் அடியில் கிடப்பது இந்த யோசனைதானாம். ஒரு பெண் யாரோடு திரிகிறாள் என்று பார்த்தே அவள் எப்படிப்பட்டவள் என்று தீர்ப்புச் சொல்லும் எங்கள் தேயிலைத் தோட்டத்து வழக்கத்துக்கா இவ்வளவு பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பேச்சை அந்த இயந்திரம் அதிகம் கேட்டதில்லை. 'லயம்' என்ற சொல்லில் எப்போதும் தடுக்கி விழும். எங்களுக்கு லயம் என்றால் ஒட்டினாற்போல் வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகள். அது படித்த புத்தகங்களில் லயம் என்றால் தாளம். "லயத்துக் கூரை ஒழுகுது" என்றால், தாளத்தின் கூரை ஒழுகுகிறது என்று சொல்லும். எத்தனை தடவை திருத்தினாலும் அதன் கச்சேரி ஓயவில்லை.

அம்மா இருப்பது அப்படியொரு லயத்தில்தான், இரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் போகும் வழியில். அப்பா இறந்துபோன பிறகு அம்மாவை என்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். அவர் பாதுகாப்புக்கு என்று சொன்னேன். உண்மையில் எனக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. ஒருவழியாக ஒரு பையோடு வந்து இறங்கினார்.

வந்த அன்று சமைத்து முடித்ததும் சுவரைத் தட்டினார்.

"அக்கா, ரசம் வச்சாச்சு, கிண்ணத்தக் குடுத்து விடுங்க!"

லயத்தில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர். தட்டிவிட்டுப் பேசினால் போதும்.

"அம்மா, அந்தப் பக்கம் ஆளில்ல. கடை ஸ்டோர். பெயின்ட் டின்னுதான் இருக்கு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாளும் தன்னை அறியாமல் தட்டினார். அதற்கு மறுநாளும். பிறகு தட்டுவதை விட்டுவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதையும் விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு காலையில் பையை எடுத்து வைத்தார்.

"கோவிச்சுக்காத புள்ள. நான் லயத்துக்கே போறேன்."

"இங்க என்னம்மா கொற? நான் இல்லையா?"

"நீ இருக்கே. அந்தப் பொட்டியோட பேசிக்கிட்டு இருக்கே. அங்க நான் இருமுனாக்கூட செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து என்னான்னு கேப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. என் மேலேயே வந்த கோபம். அக்கம்பக்கம் இல்லாமல் ஒரு சொல்லுக்கே பொருள் இல்லை என்று படித்துவிட்டு, அம்மாவை அவர் அக்கம்பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தவள் நான். இரத்தோட்டை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தேன். பஸ் நகர்வதற்கு முன்பே அம்மா பக்கத்து இருக்கைப் பெண்ணோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

அறைக்கு வந்து கணினியைத் திறந்தேன். சோதனைக்காக, "அம்மா லயத்துல இருக்காங்க" என்றேன்.

அம்மா தாளத்தில் இருக்கிறார் என்றது சிங்களத்தில்.

சரியாகத்தானே சொல்கிறது என்று ஒரு கணம் பட்டது. ரசிப்பதற்கா சம்பளம் தருகிறார்கள்? திருத்தினேன்.

அடுத்து, "நான் தனியா இருக்கேன்" என்றேன்.

அதில் ஒரு பிழையும் இல்லை.