அண்ணனுக்குத் தைத்த சின்னச் சட்டை

பொம்மைக்காரி என்றுதான் அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பேர். கல்யாண வயதையும் தாண்டிவிட்ட ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு பொம்மையோடு உட்கார்ந்திருந்தால் ஊர் வேறென்ன பேர் வைக்கும்? அவள் செய்தது அனிமேஷன் குறும்படம். பொம்மையின் காலை மயிரிழை நகர்த்துவாள், ஒரு போட்டோ எடுப்பாள், மறுபடி நகர்த்துவாள். இப்படி நாள் முழுக்க முதுகு ஒடிந்தால், பொம்மை கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் வந்து சேரும்.

இந்தக் கிறுக்கு அவளுக்குப் பிடிக்கக் காரணமே அண்ணிதான். அண்ணன் சாலை விபத்தில் போன வருஷம் அது. வீட்டில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியவில்லை. நூலக அரங்கில் பல நாட்டுக் குறும்படங்களைச் சும்மாவே போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "ஏசி இருக்குமாம், வாடீ" என்று அண்ணி இழுத்துக்கொண்டு போனாள். அத்தனையும் பேச்சில்லாத படங்கள். எங்கோ பனி கொட்டுகிற நாட்டுப் படம் ஒன்றில், களிமண் கிழவர் ஒருவர் மேசையில் இரண்டு கோப்பை வைக்கிறார். அப்புறம் நினைவு வந்து ஒன்றைத் திரும்ப எடுத்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. "களிமண்ணுக்குக்கூடத் தெரியுதுடீ" என்று சொல்லி அண்ணி வாய்விட்டு அழுதாள். செய்தால் இதைத்தான் செய்வது என்று நாத்தனார் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

வருஷங்கள் ஓடின. அண்ணன் காலையில் எழுந்து வேலைக்குக் கிளம்புவதையே அவள் படமாக எடுக்கத் தொடங்கினாள். உலகக் குறும்பட விழா ஒன்றில் திரையிடவும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அண்ணிக்கும் சம்மதம்தான். "உங்க அண்ணன் மூக்கு இவ்வளவு எடுப்பா இருந்ததில்லடீ" என்று கேலிகூடச் செய்தாள்.

வினை, வேலைக்குக் கிளம்பும் கடைசிக் காட்சிக்கான சட்டையில் வந்தது. கடைத் துணியில் கோடுகள் பெரிதாக இருந்தன, சாண் பொம்மைக்குப் போட்டால் போர்வை மாதிரி தெரிந்தது. அண்ணனின் நீலச் சட்டையில்தான் நூலிழைக் கோடு. அது அண்ணியின் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. அண்ணி வேலைக்குப் போயிருந்த நேரம், பின்பக்கம் பேண்டுக்குள் போகிற துண்டுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று இவள் கத்தரியை எடுத்தாள். பொம்மைத் துணியைத் துவைத்துப் பசை தடவி விறைப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் கை படும்போதெல்லாம் மடிப்பு கலைந்து திரையில் சட்டை துடிக்கும். துவைக்கிறதுதான் துவைக்கிறோம், முழுச் சட்டையையும் துவைத்து இஸ்திரி போட்டு வைப்போமே என்று நினைத்தாள். நல்லது செய்கிறாளாம், அறிவு கெட்டவள்!

அண்ணிக்கு ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. ஊரான் படுத்த விரிப்பையெல்லாம் வெளுத்துப் போடுகிறவள், புருஷன் கடைசியாகக் கழற்றிப் போட்ட அந்தச் சட்டையை மட்டும் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் பையைத் திறந்து சட்டையில் முகத்தைப் புதைத்தாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெட்டினதக்கூட விடு, துணிதானே. துவைச்சிட்டியேடீ! நாள் பூரா மோந்து பாக்குற அதே சோப்பு வாசனைடீ இதுல."

"அண்ணி, எனக்குத் தெரியாது அண்ணி..."

"எனக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அண்ணி எழுந்துபோய் அந்தத் துண்டில் தைத்த சட்டையோடு மேசையிலிருந்த பொம்மையை எடுத்தாள், அதே பைக்குள் போட்டாள், பீரோவைப் பூட்டினாள். அண்ணன் வீட்டைவிட்டுப் போகிற கடைசிக் காட்சி மட்டும்தான் பாக்கி.

அதற்கப்புறம் அண்ணி சாப்பாடு எடுத்து வைப்பாள், பேச மாட்டாள். பொம்மையைத் திருப்பிக் கேட்க இவளுக்கு வாய் வரவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? விழாக்காரர்களுக்குப் போன் போட்டு, படம் வராது, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அடுக்களையில் நின்ற அண்ணியின் காதில் அது விழுந்தது.

அடுத்த விடுமுறை நாள் அண்ணி பொம்மையோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் என்ன மிச்சம்?"

"கதவத் திறந்துட்டுப் போறதுதான் அண்ணி."

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அன்னிக்கு எங்களுக்குள்ள சண்டை. ஒண்ணுமில்லாத விஷயம். 'போய்ட்டு வரேன்'னாரு. நான் அடுப்பப் பாத்துக்கிட்டே நின்னேன். அவரு உடனே போகலடீ. செருப்புச் சத்தம் கேக்கவே இல்ல, வாசல்லயே நின்னாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் திரும்பல."

இவள் பொம்மையை வாங்கிக் கதவோரம் நிறுத்தினாள்.

"வாசல்ல கொஞ்ச நேரம் நிக்க வை. உடனே அனுப்பிடாத."

சும்மா நிற்கிற பொம்மை திரையில் செத்துத்தான் கிடக்கும். உயிரோடு நிற்க வேண்டுமென்றால் நெஞ்சு ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொரு போட்டோவுக்கும் அந்த நெஞ்சைத் தொட்டுத் தொட்டு நகர்த்தினாள். நிழல் விழுந்துவிடுமே என்று அண்ணி ஸ்டூலைவிட்டு அசையவில்லை.

எடுத்து முடித்ததும் ஓட்டிக் காட்டினாள். அண்ணன் வாசலில் நின்று உள்ளே பார்த்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. அண்ணி திரைக்கு நேரே எழுந்து நின்றாள்.

"சரி, போய்ட்டு வாங்க" என்றாள்.

அண்ணன் கதவைத் திறந்துகொண்டு போனான்.