அம்மியும் அகதிச் சவாரியும்

மாட்டு வண்டி ஓட்டுறவனுக்கு ஊர் முழுக்க முதுகுக்குப் பின்னாலைதான் கதைக்கும். வண்டி பிடிச்சுப் பிழைக்கிற தம்பிமாரே, அந்தக் கரைச்சல் உங்களுக்குத் தெரியாததே!

மூட்டை

யப்பான்காரன் கொழும்பிலை குண்டு போட்ட கையோடை, இந்தியாவுக்கு ஓடுற சனம் ரயில் ரயிலாய் வந்துது. தலைமன்னார்க் கப்பலிலை இடமில்லையெண்டு கொஞ்சப் பேர் மன்னார் ஸ்டேசனிலையே குந்தியிருந்தவை. அதிலை கொழும்புத் துறைமுகத்திலை மூட்டை தூக்கின முத்தையாவையும், பெண்சாதி பாக்கியத்தையும், கைக்குழந்தையையும் கிட்ட இருக்கிற தாராபுரத்துக்கு, என்ர வளவுக்கு ஏத்தியந்தன். அவையின்ர மூட்டையைத் தூக்கின எனக்கு இடுப்பு முறிஞ்சு போச்சு. அவிழ்த்தால், அம்மி! “குண்டு விழேக்கை உந்த அம்மியையே தூக்கினனீர்?” எண்டு கத்தினன்.

முத்தையா சொன்னார்: “மாமியார் குடுத்த சீருங்க பாய். விட்டுட்டுப் போனா ஊர்ல எனக்குக் குண்டு விழும்.”

நல்ல தண்ணி

என்ர கிணறு உப்பு. நல்ல தண்ணி பக்கத்து வளவுக் கருவாட்டு வியாபாரி சூசை அண்ணரிட்டைத்தான். குழந்தைக்குக் காய்ச்சல் எண்டு பாக்கியம் செம்போடை போய் நிண்டாள். அண்ணர் வாளியை ஒளிச்சுப்போட்டார். கொழும்புக் காய்ச்சல் கிணத்துக்குள்ளை வருமாம், வந்தவை உளவாளியளாயும் இருக்கலாமாம். வேலியடியிலை நிண்டவையும் தலையாட்டிச்சினம். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. பள்ளிவாசல் கிணத்துக்கு ஓடித்தான் அண்டைக்குக் குழந்தைக்குத் தண்ணி கொண்டுவந்தனான்.

அண்ணர் விடேல்லை: “வெள்ளைக்காரன்தான் உவையை இந்தியாவிலையிருந்து வேலைக்குக் கூட்டியந்தவன், அவனே தண்ணியும் குடுக்கட்டும். எங்கட கழுதையளுக்கே காணாது!”

பெரியமடு

அடுத்த கிழமை, தலைமன்னார் இறங்குதுறைக்கும் குண்டு விழப்போகுதெண்டு ஒரு கதை. முதல் ஆளாய் என்ர வண்டியிலை பாய்ஞ்சு ஏறினது ஆர் தெரியுமே? சூசை அண்ணர்தான்! மனிசி, மூண்டு கோழி, ஒரு மூட்டை. மூட்டைக்குள்ளை அம்மி! அல்லாவே, மாட்டையும் மறந்து சிரிச்சன். கடலை விட்டு உள்ளுக்கை இருக்கிற பெரியமடு போய்ச் சேரேக்கை அண்ணருக்கு நாக்கு வறண்டு போச்சு. கிணத்தடியிலை நிண்ட, வயல் செய்யிற கமக்காரியிட்டைத் தண்ணி கேட்டார். அவ வாளியைப் பின்னுக்கு வைச்சா.

“உங்கட இறங்குதுறை வெள்ளைக்காரன்ரை, அவனே தண்ணியும் தரட்டும். எங்கட எருமையளுக்கே காணாது அண்ணை!”

வாளி

குண்டும் விழேல்லை, ஒரு மண்ணும் விழேல்லை. திரும்பி வந்த அண்ணர் வீட்டுக்குள்ளை போகேல்லை, நேரே கிணத்தடி. ஒளிச்ச வாளியை எடுத்து நிரப்பிக்கொண்டு, ஓடாமல் என்ர வளவிலையே இருந்த பாக்கியத்திட்டை வந்தார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு, சொல்லுறதுக்கென்ன.

“வாளி பாரம் பிள்ளை. நீ குழந்தையை வைச்சிரு, கப்பல் வரும் வரைக்கும் நான் அள்ளித் தாறன்.”

எத்தினையோ பேரை ஏத்தி இறக்கிப்போட்டன், இறங்கின இடத்திலை தண்ணி கேளாத ஒருத்தரை நான் இன்னும் காணேல்லை.