ரொசேர் லஷப்பெல் படிக்காமல் விட்ட வரி

1962ஆம் ஆண்டு, ஜூன் 24, யோவான் திருநாள். ஆறு வயது ரொசேர் லஷப்பெல், சுருட்டிவிட்ட தலைமயிரும் தோளில் ஆட்டுத்தோலுமாக, புனித யோவான் வேடத்தில் அலங்கார வண்டியேறி, கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கில் உள்ள எங்கள் ஊரைச் சுற்றிவந்தார். பாதிரியார் இல்லத்துக்கு எதிரே, வேடத்துக்காக வைத்திருந்த ஆட்டுக்குட்டி அவர் மடியை நனைத்தது. இன்றும் கோபம் வந்தால் மனைவி யுகெத் அவரை "நனைஞ்ச புனிதரே" என்றுதான் அழைப்பார்.

இருபது வயதில் ரொசேர் கோயிலை விட்டார். பள்ளியில் துறவிகளிடம் வாங்கிய பிரம்படியின் நினைவை மட்டும் விடவில்லை. 'பிரெஞ்சுக் கனடியர்' என்ற பழைய பெயரை உதறி, 'கியூபெக்கர்' ஆனார். காகித ஆலையில் மின்பணியாளராக இருந்துகொண்டே, தனிநாடு கேட்டு 1980இலும் 1995இலும் நடந்த வாக்கெடுப்புகளுக்காக வீடுவீடாக ஏறி இறங்கினார். இரண்டு முறையும் தோல்வி. அதன்பின் ஆண்டுதோறும், இப்போது கியூபெக்கின் நாட்டு விழாவாகிவிட்ட ஜூன் 24 அன்று, பூங்கா மேடையில் நாட்டுப்பற்று உரை படிப்பது அவர் பொறுப்பாயிற்று. அதில் அவரே எழுதிச் சேர்த்த வரி ஒன்று உண்டு: "எங்கள் மொழியைப் பேசுகிறவர் எவரும் இங்கே அந்நியர் அல்லர்."

அந்த உரையின் எழுத்துப்பிழைகளைச் சில ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்தவர் அவருடைய கீழ்வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த ஹூரியா. அல்ஜீரியப் பெண், இங்கேயே ஆசிரியப் பயிற்சி முடித்தவர். ஆனால் சமயச் சின்னம் அணிந்தவர் அரசுப் பள்ளியில் புதிதாக ஆசிரியராக முடியாது என்று 2019இல் சட்டம் வந்தது. ரொசேர் அதை மனமார ஆதரித்தார். ஹூரியா முக்காட்டை எடுக்கவில்லை. அந்தச் சட்டம் இல்லாத பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் வேலை கிடைத்தது; ஜூலை முதல் தேதி வீடு காலி.

ரொசேருக்கு ஹூரியாவும் இருக்க வேண்டும், சட்டமும் சரியாக இருக்க வேண்டும். ஒழுகாத குழாயைச் சரிபார்க்கும் சாக்கில் மூன்று முறை கீழே இறங்கினார்.

"பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும் கழட்டி வச்சா என்னம்மா? எங்கம்மாவும் தலையில துணி இல்லாம கோயிலுக்குப் போனதில்லை. நாங்க எல்லாத்தையும் விட்டோமே!"

"நீங்க விட்டீங்க, முசியே. உங்களை யாரும் விட வைக்கலையே."

"துறவிங்க கையில அடி வாங்கியிருந்தா தெரியும்."

"அடிச்சது அவங்க. வேலை கிடைக்காம போனது எனக்கு." சொல்லிவிட்டு, பெட்டியில் அகராதியை வைத்து நாடாவை ஒட்டினார். "உரையைக் கொடுங்க. இந்த வருசம் எத்தனை பிழையோ!"

மறுநாள் தாள் திரும்பி வந்தது. ஏழு இடங்களில் பென்சில் திருத்தம். 'அந்நியர் அல்லர்' என்ற அந்த வரியில் ஒரு கோடும் இல்லை. பிழை ஏதும் இல்லையே.

விழாவன்று ரொசேர் அந்த வரி வரைக்கும் வந்து நின்றுவிட்டார். கூட்டத்தில் ஒருவர் பியர்க் கோப்பையை உயர்த்தி, "ரொசேர், கண்ணாடியைத் தொடைய்யா!" என்று கத்த, சிரிப்பு எழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், அடுத்த பத்திக்குப் போனார்.

பூங்கா வாசலில் ஹூரியா காத்திருந்தார். "ஒரு வரி குறைஞ்சுதே, முசியே?"

"வெளிச்சம் போதலை," என்றார் ரொசேர். மணி மாலை ஐந்து. ஜூன் மாத வெயில் கண்ணைக் கூசச் செய்தது.

ஜூலை முதல் தேதி புத்தக அலமாரியை அவரே தூக்கி வண்டியில் ஏற்றினார். "சட்டம் சரிதான்," என்றார், யாரும் கேட்காமலே.

"சரிதான், மூலையைப் பார்த்து வைங்க," என்றார் ஹூரியா.

வண்டி போனதும் ரொசேர் கீழ்வீட்டுக் கதவில் 'வாடகைக்கு' அட்டையை மாட்டினார். சற்று நேரத்தில் கழற்றினார். மீண்டும் மாட்டினார். மாடியிலிருந்து யுகெத் கத்தினார்: "நனைஞ்ச புனிதரே, ஏதாவது ஒண்ணு முடிவு பண்ணு!"