மணல்மேல் படிந்த பச்சை ஏடு

நான் பொறாமைக்காரி என்று ஒப்புக்கொள்ள இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் குடியிருந்தோம். அடுத்த வீட்டில் ஓவர்சியரின் மனைவி, என் வயதுக்காரி. எங்கள் கொல்லையில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் குட்டையாகத் தேங்கி நாறும். அவள் கொல்லையிலோ அதே தண்ணீர், அவள் கணவர் கட்டிக்கொடுத்த மணல் தொட்டிக்குள் இறங்கி, அடியில் பதித்த குழாய் வழியாகத் தெளிந்து வந்து மல்லிகைக்குப் பாயும். செடியா அது? வேலியைத் தாண்டி எங்கள் பக்கமும் பூத்துக் கொட்டும்.

ஒரு நாள் என் கணவர் வேலியோரம் நின்று, "அவாத்துல எவ்வளவு நன்னா வெச்சிண்டிருக்கா, பாரேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்கும் தொட்டி வேண்டும் என்று அன்றே பிடிவாதம் பிடித்தேன். கீழே கருங்கல் ஜல்லி, மேலே ஆற்று மணல் என்று அவளுடையதைப் போலவே கட்டி, பக்கத்தில் ஒரு மல்லிகைப் பதியனும் வைத்தோம். அவள் பூவை மெச்சிய வாயால் அவர் என் பூவை மெச்ச வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

சில நாளிலேயே மணல்மேல் வழவழவென்று பச்சை ஏடு படிந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு முழுக்கக் கழுவுகிறவள் நான், அதை விட்டுவைப்பேனா? ஏட்டை வழித்தெறிந்து, மேல்மணலை அள்ளி அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டேன். வெள்ளிதோறும் இதே வேலை. மணல் பளபளத்தது. தண்ணீர் மட்டும் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தது. செடியின் இலைகள் மஞ்சளித்தன.

அவள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அந்தப் பாசியை எடுக்காதீங்கோ. அழுக்கைத் தின்னறதே அதுதான்னு எங்காத்துக்காரர் சொல்வார்" என்றாள்.

என் தொட்டி சுத்தமாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அந்த வாரம் இரண்டு முறை வழித்தேன்.

பிறகு தங்கையின் பிரசவத்துக்காகக் கும்பகோணம் போய் ஒன்றரை மாதம் இருந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி முழுக்கப் பச்சை ஏடு, குழாயில் தெளிந்த தண்ணீர், செடியில் மொட்டு.

"நீ இல்லாதப்போதான் சரியாச்சு" என்று கணவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பூக்களைத் தொடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அவள் கண்ணில் படட்டும் என்றே வேலியோரம் நின்றேன். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாகப் போயிருக்கும். அவளோ, "பூத்துடுத்தா!" என்று கூவித் தன் கணவரையும் அழைத்து வந்து காட்டினாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அவள் செடியைப் பார்த்து நான் ஒரு நாளும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அன்று எரிந்ததைப் போல என் வயிறு அதற்கு முன் எரிந்ததே இல்லை.