மே மாதத்துக்காகப் பிடித்து வைத்த தண்ணீர்

காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த லீனா, சில வருடம் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, நகரத்தின் தண்ணீரைப் பங்கிடத் திட்டம் போட்டுத் தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். மழை வருமா, போர்வெல்கள் எதுவரை தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. நல்ல மழை, அரைகுறை மழை, மழையே இல்லை என்று எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து, நகரம் முழுவதற்குமான பற்றாக்குறை முடிந்தவரை குறையும்படி எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைப்பதுதான் அவள் வேலை.

அந்த மார்ச்சில், மே மாதத்துக்காக இப்போதே கொஞ்சம் பிடித்து வைக்கும்படி விடை வந்தது. வெட்டு விழுந்தது மேட்டுத் தெருக்களின் மேல். அங்கே பழைய குழாய். அனுப்புவதில் பாதி வழியிலேயே ஒழுகிவிடும். லிங்கராஜபுரத்தில் அப்படியொரு தெருவில்தான் லீனாவின் அக்கா பெட்டி குடியிருந்தாள். அவள் கணவர் ஓஸ்வால்ட் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார்.

எந்தப் பகுதிக்கும் ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று லீனா ஒரு நிபந்தனை சேர்த்தாள். மழை பொய்த்தால் அதற்கு விடையே இல்லை என்று கணக்கு நின்றுவிட்டது.

"அத எடுத்துரும்மா. இல்லாத தண்ணிய எங்கேருந்து குடுப்ப?" என்றார் மேலாளர் பிரகாஷ்.

எடுத்துவிட்டாள்.

ஏப்ரலில் பெட்டி போன் செய்தாள். "ஒரு வாரமா நல்லியத் தொறந்தா காத்துதான் வருது. டேங்கர்காரன் எங்க தெருவுக்கே வரமாட்டேங்கறான். இவருக்குத் துணி மாத்தணும், பெட்ஷீட்டு அலசணும். ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொல்லேன்டி."

"அந்தக் கணக்கப் போட்டதே நாந்தான்க்கா."

"எங்க தெருவையும் வெச்சுதான் போட்டியா?"

"வெச்சுதான் போட்டேன்."

தினமும் காலையில் ஸ்கூட்டரில் கேன் கேனாகக் கொண்டுபோய் இறக்கினாள் லீனா. போதவில்லை. ஓஸ்வால்ட்டின் படுக்கைப்புண் சீழ் பிடித்தது. பெட்டி வீட்டைக் காலி செய்து அவரை நகரத்துக்கு வெளியே சந்தாபுராவுக்குக் கூட்டிப் போனாள். தெருவில் பெரும்பாலோர் அதற்கு முன்பே போயிருந்தார்கள்.

மே முதல் வாரப் புள்ளிவிவரம் வந்தபோது பிரகாஷ் சிரித்தார். "பாத்தியா, அந்த ஏரியாவுல ஷார்ட்டேஜே இல்ல."

"சார், குடிக்க ஆளே இல்ல. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"இருக்கட்டும். நம்பர் கொறைஞ்சிருக்கில்ல?"

அதே வாரம் மழை கொட்டியது. பிடித்து வைத்த தண்ணீருக்குத் தேவையே வரவில்லை. கணக்கில் பிழை இல்லை; மழை பொய்த்திருந்தால் அந்தத் தண்ணீர்தான் நகரத்தைக் காப்பாற்றியிருக்கும். லீனா இதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

ஜூனில் அந்தப் புண் ஆறாமலேயே ஓஸ்வால்ட் இறந்தார். அடக்கத்தன்று அக்கா நாலு பேர் முன்னால் தன்னைத் திட்டுவாள் என்று லீனா காத்திருந்தாள். பெட்டி திட்டவில்லை. "சாப்ட்டுட்டுப் போ" என்றாள். அதன்பிறகு அவள் போன் செய்யவில்லை. கிறிஸ்துமஸுக்கு லீனா கூப்பிட்டபோதும் வரவில்லை.