லூர்து பொருத்திய இரண்டாவது டிஸ்க்

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் நெத்திலி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் செய்தி என்னிடம் வந்தது. நம் தேவாலயத்தின் கோயில்பிள்ளை ஸ்டீபன், ஈரத்தரையில் வழுக்காமல் காலை ஊன்றி ஊன்றி வைத்து என்னை நோக்கி நடந்துவந்தார்.

"டீச்சர், லூர்து அண்ணன் போயிட்டாரு. விடியக்காலையில. தூக்கத்திலேயே."

நான் முதலில் கேட்டது, "வலி இருந்துச்சா?" என்பதுதான்.

"இல்லையாம். நேத்து கஞ்சி குடிச்சுட்டு, ஃபிலோமினா அக்காகிட்ட ஏதோ ஜோக் அடிச்சுட்டுப் படுத்தாராம்."

அழுகைக்கு முன்னால் ஒரு பெருமூச்சு வந்தது எனக்கு. வயிற்றுப் புற்றுநோய் ஒரு வருடமாக அவரைப் படுத்திய பாட்டைக் கிளமெண்டியில் உள்ள அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெருமூச்சு புரியும். கடைசி வாரங்களில் அவர் மனைவி ஃபிலோமினா செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "வலி இல்லாம கூட்டிக்கிட்டாப் போதும்" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே நடந்துவிட்டது. நம் கோயிலின் பங்கு மடலுக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்திலும் துக்கத்தைவிட நிம்மதியே எனக்கு அதிகமாக இருக்கிறது. லூர்துவுக்கு இதில் வருத்தம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

லூர்துசாமி என்ற முழுப்பெயரால் அவரை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஐம்பதைச் சற்றுத் தாண்டியவர்; என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். கம்ப்யூட்டருக்கான ஹார்ட் டிஸ்க் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், செய்து முடித்த டிஸ்க்குகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவின் பின்வரிசையில் நிற்பார். எல்லோரும் ஒரு வரியை முடித்தபிறகு அவர் குரல் மட்டும் தனியாக ஒலித்து அடங்கும். ஒருமுறை இதைச் சொல்லி நான் சிரித்தபோது, "நீங்க பாடி முடிச்சதை நான் செக் பண்றேன்லா டீச்சர். என் வேலையே அதுதானே" என்றார்.

நம் பழைய கல்லறைத் தோட்டத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற அரசு அறிவிப்பு வந்த ஆண்டில்தான் அவரோடு சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. புதைக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் முன்வந்தால் எலும்புகளை எடுத்து, தகனம் செய்து, சாம்பலை அவர்களிடம் கொடுப்பார்கள். யாரும் கேட்காத சாம்பல் கடலில் கரைக்கப்படும். பங்குத்தந்தை பெனடிக்ட் ஒரு குழு அமைத்தார். இளைஞர்கள் கல்லறைக் கற்களைப் படித்து எழுதிவர வேண்டும். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு நான் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து, குடும்பங்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லி, விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர், நம் பங்குக் குடும்பம் ஒன்று தங்கள் அலுவலகத்திலிருந்து கழித்துக் கொடுத்தது. அதைச் சரிசெய்து தரும் பொறுப்பு லூர்துவுடையது.

அவர் அதைப் பொருத்திய பிற்பகல் நன்றாக நினைவிருக்கிறது. மேசைமேல் கம்ப்யூட்டரின் தகரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஏற்கெனவே ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. லூர்து தன் பையிலிருந்து துணியில் சுற்றிய இன்னொன்றை எடுத்தார். புதியது; செங்கல் கனம் இருக்கும். ஃபாதர் பெனடிக்ட் காப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு இருக்கே லூர்து. எதுக்கு ரெண்டாவது?"

"இது பழசு ஃபாதர். இதுல சிஸ்டம், ப்ரோக்ராம் மட்டும் போடுவேன். மெஷினைத் தட்டி எழுப்புற வேலை இதுக்கு. டீச்சர் டைப் பண்றதெல்லாம் புதுசுல போகும். ஒண்ணுக்கொண்ணு கலக்காது."

"புதுசு அவ்வளவு பெரிசுன்னா எல்லாத்தையும் அதுலயே போட்டுடேன். ஒரே இடமா இருக்கட்டும்."

லூர்து ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "ஃபாதர், நான் தினமும் டிஸ்க் சாகுறதைப் பார்க்கிற ஆளு. நல்ல டிஸ்க்கும் சாகும். ஓயாம ஓடுறது சீக்கிரம் சாகும். அடுப்பு இருக்கிற ரூம்லயே அரிசி மூட்டையை அடுக்கினா, தீப்பிடிக்கிற அன்னிக்கு ரெண்டும் போயிடும்."

ஃபாதருக்கு அரைமனம்தான். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். லூர்து அகலமான நாடாபோன்ற கம்பியை இரண்டு டிஸ்க்கிலும் செருகி, நகக்கண் அளவுள்ள ஒரு சின்ன இணைப்பை ஊசிமுனையால் இடம் மாற்றிவைத்தார். எது முதல் டிஸ்க், எது இரண்டாவது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதானாம். நான் எதுவும் செய்யாமலே என் எழுத்தெல்லாம் இரண்டாவது டிஸ்க்கில் போய்ச் சேரும்படி அமைத்துக் கொடுத்தார். "நீங்க டைப் மட்டும் பண்ணுங்க டீச்சர். எங்க போகுதுன்னு நான் பார்த்துக்கிறேன்."

மாதக்கணக்காக நான் தட்டச்சு செய்தேன். அழைத்தவர்களில் மறக்க முடியாதவர் மலேசியாவின் ஜொகூரில் குளாய் அருகே ரப்பர் தோட்டத்தில் இருந்த ராமையா. வீட்டில் தொலைபேசி இல்லாததால், ஞாயிற்றுக்கிழமைகளில் மளிகைக் கடையிலிருந்து பேசுவார். அவருடைய அக்கா முத்தம்மா சிங்கப்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டதால் வீட்டோடு உறவு முறிந்துபோனது. ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்கு முன்பே பிரசவத்தில் இறந்துவிட்டார். ராமையா அப்போது சிறு பையன். ஒரே ஒருமுறை அப்பாவுக்குத் தெரியாமல் மாமாவோடு வந்து அக்காவின் கல்லறையைப் பார்த்திருக்கிறார்.

"பேரு முத்தம்மாதான் அம்மா. வேற பேரு எனக்குத் தெரியாது. அத்தான் பேரு சவரி."

முத்தம்மா என்ற பெயரில் ஒரு கல்லறையும் இல்லை. நான் கைவிட்டிருப்பேன். லூர்து விடவில்லை. "ஞானஸ்நானத்துல பேரு மாத்தியிருப்பாங்க டீச்சர். சவரியைத் தேடுவோம்" என்றார். ஒரு விடுமுறை நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பாசி படிந்த கற்களை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் படித்தார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை. "மேரி மதலேனாளும் குழந்தையும். புருஷன் பேரு சவரிமுத்து. ராமையாகிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. குழந்தையையும் சேர்த்துப் புதைச்சாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். ராமையா சொன்னார்: "ஆமாம்மா. ரெண்டு பேரும் ஒரே பெட்டியில. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சில வாரங்களில் கற்களை அகற்றிவிட்டு, ஒவ்வொரு குழிக்கும் எண் எழுதிய மரக்குச்சியை நட்டார்கள். எந்த எண் யாருடையது என்பதையும் ஏற்றினேன். கல்லறைத் தோட்டத்தில் எழுதிய தாள்கள் மழையிலும் சேற்றிலும் கூழாகிப்போனதால், ஏற்றி முடித்ததும் தூக்கிப்போட்டுவிட்டோம். ஃப்ளாப்பியில் எடுத்துவைத்த நகல், எண்கள் வருவதற்கு முந்தையது. அடுத்த நகல் எடுப்பதற்குள் தோண்டும் நாள் நெருங்கிவிட்டது. திங்கட்கிழமை தொடங்குவார்கள். அன்று காலை முதல் பஸ்ஸில் வருவதாக ராமையா சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை, தோண்டுபவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை அச்சிடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். தேங்காய் துருவுவதுபோல ஒரு சத்தம். பிறகு அதுவும் நின்றது. திரையில் கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. அணைத்துவிட்டுப் போட்டேன், அதே சத்தம். தொழிற்சாலைக்குப் போன் செய்து, லூர்துவைக் கூப்பிட்டுத் தரும்படி கெஞ்சினேன்.

"சத்தம் கேட்குதா?"

"துருவுற மாதிரி கேட்குது லூர்து. இப்ப ஒண்ணுமே வரலை."

"சரி, அணைச்சுடுங்க. திரும்பத் திரும்பப் போடாதீங்க. ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா வர்றேன். நீங்க முதல்ல சாப்பிடுங்க டீச்சர்."

சாப்பாடு இறங்கவில்லை. ஃபாதர் வந்தார். விஷயத்தைக் கேட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இருவரும் யோசித்தோம். எனக்கு ராமையாவின் குரல் மட்டுமே காதில் இருந்தது. அவருக்குத் தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண்கூட என்னிடம் கிடையாது. திங்கட்கிழமை அவர் வந்து நிற்கும்போது, பல நூறு மரக்குச்சிகளுக்கு நடுவே எதைக் காட்டுவேன்?

லூர்து தொழிற்சாலைச் சீருடையோடு வந்தார். பெட்டியைத் திறந்து, ஒருமுறை போட்டு, சுழல்கிறதா என்று பழைய டிஸ்க்கின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். "இது போயிடுச்சு" என்று சொல்லி, அணைத்துவிட்டுக் கம்பியைப் பிடுங்கினார். சிஸ்டம் இருந்த ஒரு ஃப்ளாப்பியைச் செருகி, கம்ப்யூட்டரைப் போட்டார். இயங்கியது. இரண்டாவது டிஸ்க் இருக்கிறதா என்று தட்டிக் கேட்டார். இல்லை என்றது.

ஃபாதர் கண்களை மூடிக்கொண்டார். நான் லூர்துவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு அவர் கைகளையே பார்த்தேன். அவை அவசரப்படவில்லை.

"இன்னும் இது தன்னை ரெண்டாவதுன்னே நினைச்சுக்கிட்டு இருக்கு. முதல் ஆளு இல்லைன்னு நாமதான் சொல்லணும்" என்றார். அந்தச் சின்ன இணைப்பை ஊசியால் நெம்பி எடுத்து வேறிடத்தில் வைத்தார். கம்பியின் வேறொரு முனையைச் செருகினார். மறுபடி போட்டார். டிஸ்க் சுழலும் சத்தம், சீராக, மின்விசிறிபோல. அவர் இரண்டு மூன்று எழுத்துகள் தட்டினார். திரையில் பெயர்கள் மேல்நோக்கி ஓடத் தொடங்கின.

"இருக்கு டீச்சர். எல்லாம் இருக்கு."

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. ஃபாதர் எழுந்து லூர்துவின் தோளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "அரிசி மூட்டை தப்பிச்சுதுப்பா" என்றார். பிறகு தன் கையாலேயே எங்கள் இருவருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நாங்கள் அப்படியே குடித்தோம். அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை ராமையா வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கினார். கையில் ஒரு பை. அதற்குள் மஞ்சளும் குங்குமமும் ஒரு குட்டிச் சேலையும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெரியாமல் ஓரமாக நின்றவரை, லூர்துதான் ஃபாதரிடம் அழைத்துப்போனார்.

"உங்க அக்காதானே ஐயா. உங்க மனசுக்கு எது சரியோ செய்யுங்க" என்றார் ஃபாதர். அவர் ஜெபம் சொல்லி முடித்த பிறகு, ராமையா குழியின் ஓரத்தில் சேலையை விரித்து வைத்துக் கும்பிட்டார். எலும்புகள் கொஞ்சமாகத்தான் இருந்தன. சாம்பலைக் குளாய்க்குக் கொண்டுபோக அவர் மறுவாரம் வந்தபோது, லூர்து விடுப்பு எடுத்து, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு அவரோடு குளாய்வரை பஸ்ஸில் போனார். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். "ஒண்ணும் பேசலை. அவரு வழி முழுக்கத் தூங்கிட்டாரு. நிம்மதியாத் தூங்கினாரு டீச்சர்" என்றார்.

இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். பிறகொரு வருடம் என் கணவருக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த மருத்துவமனையின் நடைபாதை நீளமானது. அதன் ஒரு கோடியில் பெஞ்சில் நான். மறுகோடியில் அறுவை சிகிச்சை அறைக் கதவு. எனக்கு நடக்கத் தெம்பில்லாமல் போனதால், துணைக்கு வந்திருந்த லூர்து மட்டும் அடிக்கடி அந்தக் கதவுவரை போய் விசாரித்துவிட்டு வந்தார். மாலையில் கதவு திறந்தது. டாக்டர் அவரிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. லூர்து திரும்பினார். திரும்பிய நொடியிலேயே இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, பஸ்ஸை நிறுத்துகிறவர்போல வீசினார். நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. வீசிக்கொண்டே நடந்துவந்தார். பக்கத்தில் வந்ததும், "நான் இங்க வந்து சேர்ற வரைக்கும் நீங்க ஏன் பயந்துக்கிட்டு இருக்கணும்?" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். சென்ற மாதம் தேர்வு முடிவு வந்த நாளில், என் மாணவி ஒருத்தியின் தாய் பள்ளி வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் மாடிப்படியில் இருந்தேன். இறங்கிப்போய்ச் சொல்லலாம் என்று ஒரு அடி எடுத்துவைத்தவள், அங்கேயே நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினேன். கீழே அந்த அம்மாள் குடையை நழுவவிட்டுச் சிரித்தார்.