கடையில் ஓடும், வீட்டில் அணையும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு: வீட்டில் செத்துக் கிடக்கும் மெஷின், கடைப் படியேறியதும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்களும் பட்டிருப்பீர்கள். பல்வலியென்று போய் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தால் வலி காணாமல் போயிருக்குமே, அதே கதைதான். நான் திருத்தங்கலில் ஒரு கடையில், டிப்ளமோ வகுப்பு போக மிச்ச நேரம் ஸ்குரூடிரைவர் பிடிக்கிறவன். உபதொழில், அடுத்தவர் மாதிரியே பேசிக் குரல் எடுப்பது. முதலாளி அண்ணாச்சி, மினிபஸ் கண்டக்டர், எதிர்க்கடை பரோட்டா மாஸ்டர் என்று ஊரில் பாதிப்பேர் என் தொண்டையில் வாடகை தராமல் குடியிருக்கிறார்கள். அவர்களையெல்லாம் வாயடைக்க வைத்த ஒரு மானிட்டரைப் பற்றி இனி.

பயணிகள் கவனத்திற்கு

கார்த்தி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கம்ப்யூட்டர் கேபினெட்டைப் போர்வையில் சுற்றி, பைக்கில் வைத்துக் கொண்டுவந்தான். "கேம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல ஸ்கிரீன் கறுத்துப்போயி 'நோ சிக்னல்'னு வருதுலே. சத்தம் மட்டும் கேக்குது. எவனோ என்னையச் சுடுதான், எவன்னு தெரியல" என்றான். நான் உடனே விருதுநகர் ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு செய்யும் அம்மாவானேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கேபினெட்டிலிருந்து மானிட்டர் வரை செல்லும் சிக்னல், காலவரையின்றித் தாமதமாக வந்துசேரும்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அப்புறம் விஷயத்தைச் சொன்னான். மதுரையில் ஒரு கேமிங் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். மாசச் சம்பளம், தங்க இடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் செலக்சன் மேட்ச். அதில் தேறினால் மதுரை. தேறாவிட்டால், அச்சங்குளம் பக்கம் அவன் அப்பா வேலை பார்க்கும் வெடிக் கம்பெனியில், அவரோடு வெடிமருந்து கலக்கும் செட்டில் வேலை. வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. நான் இடுப்பில் கைவைத்து, கம்பெனி போர்மேன் மாதிரி கடையே அதிரக் கத்தினேன்: "ஏலே புதுப்பய, அந்த வாளிய எடுத்துட்டு வாலே." கார்த்தியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எந்தக் குரல வேணா எடுலே. அத மட்டும் எடுக்காத."

அண்ணாச்சியின் புளோயர்

எங்கள் அண்ணாச்சிக்கு ஒரு வழக்கம். எந்த கேபினெட் வந்தாலும், என்ன நோவு என்று கேட்பதற்கு முன்னாலேயே வாசலில் வைத்துத் திறந்து புளோயரால் ஊதிவிடுவார். அச்சடிக்கும் பிரஸ்களின் பேப்பர்த் தூசி, ரோட்டுப் புழுதி என்று எங்கள் ஊர் கேபினெட் ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி மண் இருக்கும். கார்த்தியுடையதையும் ஊதினார். கேபிளை மாற்றினோம். நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். கல்லுமாதிரி ஓடியது. இரண்டு நாள் கழித்து, புகுந்த வீடு போன பெண் திரும்பி வந்த மாதிரி அதே போர்வையோடு வந்து நின்றது. மறுபடி ஊதினார். கேம் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டு அதிகம் கரண்டு இழுக்கும், பவர் சப்ளை தாங்கவில்லையோ என்று அதை மாற்றினோம். ஓடியது. வீட்டுக்குப் போய் மறுபடி அணைந்தது.

 ஞாயிறு நெருங்க நெருங்கக் கார்த்தி நகத்தைக் கடித்தான். அண்ணாச்சி புளோயரைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். அவர் குரலை நான் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், இந்த வரியை மட்டும் கேலியாகச் சொல்ல வரவில்லை.

"மெஷின்ல ஒரு கொறையும் இல்ல தம்பி. ஒங்க வீட்டுலதான் என்னமோ இருக்கு."

துணிக்கொடி

சனிக்கிழமை சாயங்காலம் அந்த 'என்னமோ'வைத் தேடி அவன் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. சூடு ஏறாமலிருக்க கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தான். அதற்கு நேராக டேபிள் பேன். இரண்டுக்கும் நடுவே, சுவருக்குச் சுவர் ஒரு துணிக்கொடி. வோல்டேஜைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கார்டின் விசிறியைத் தடவினேன். விரல் வெள்ளிக்காப்பு சாத்தின மாதிரி மின்னியது.

அந்நேரம் அவன் அப்பா வேலை முடிந்து வந்தார். புருவம், காது மடல் எல்லாம் அதே மினுக்கம். பேன்சி வெடிக்குப் போடுகிற அலுமினியப் பவுடர். சட்டையைக் கழற்றி, வாசலில் ஒரு உதறு உதறி, கொடியில் போட்டார். வேர்வை காய்ந்தால்தானே காலையில் மறுபடி மாட்டமுடியும்? பேன் காற்று சட்டையை ஊதியது. சட்டை உப்பி கேபினெட் பக்கம் ஆடியது. தினமும் இதுதான் நடந்திருக்கிறது. நாங்கள் ஊதி அனுப்ப, சட்டை மறுபடி நிரப்பியிருக்கிறது.  அவர் என் விரலைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். அப்படியே எடுத்துச் சுருட்டிக்கொண்டார்.

"இவன் அங்கன கம்பெனிக்கு வந்துறக் கூடாதுன்னுதானப்பா போனஸ் பணத்துல இந்த மெஷின வாங்கினேன்."

ஞாயிறு

கார்டைக் கழற்றி, பிரஷ்ஷால் தட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மாட்டினேன். கொடியை அவிழ்த்தாயிற்று. மேட்ச் ஆரம்பித்தது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கார்த்தி ஆடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எதிராளி எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பாதி தாண்டியது. இனி ஒன்றும் ஆகாது என்று நான் சாய்ந்து உட்கார்ந்தேன். ஸ்கிரீன் கறுத்தது. கரண்டைக் கடத்துகிற பவுடர் கார்டுக்குள் எங்கேயோ முன்னமே பொசுக்கி வைத்திருக்கிறது. துடைத்தால் போகிற காயம் இல்லை அது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. "கார்த்தி, எங்கடா இருக்க? கார்த்தி, லைன்ல இருக்கியா?" என்று ஹெட்செட்டில் மதுரைப் பையன்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஸ்டேஷன் அம்மா உட்பட என் தொண்டையில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. வாசலில் நின்ற அவன் அப்பாவுக்கு அந்த விளையாட்டு புரியாது. உள்ளே வராமலே கேட்டார்.

"முடிஞ்சிருச்சாப்பா?"

ஓடுகிறது

அண்ணாச்சி மனசு கேட்காமல், பழைய மெஷின் ஒன்றிலிருந்து வேறு கார்டு எடுத்துப் போட்டுக் கொடுத்தார். கார்த்தியின் அப்பா இப்போது கம்பெனிக் குழாயடியிலேயே குளித்து, சட்டையைப் பையில் கட்டி வருகிறார். அவர் மட்டுமல்ல, கார்த்தியும் சேர்ந்து இரண்டு பேரும். போன வாரம் அவன் அப்பா கடைக்கு போன் செய்தார். என்னமோ ஏதோ என்று எடுத்தேன்.

"தம்பி, இப்ப ஒரு தடவகூட அணையல. ஆடத்தான் ஆளில்ல."

போர்மேன்

நேற்று பஸ் ஸ்டாப்பில் கார்த்தியைப் பார்த்தேன். கையில் தூக்குவாளி. குளித்திருந்தும் இமையோரத்தில் கொஞ்சம் மினுக்கம். என்ன பேசுவதென்று தெரியாமல், "போர்மேன் எப்படிலே, ரொம்பக் கத்துவாரோ?" என்றேன். பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்தவன் திரும்பிச் சொன்னான்.

"நீ எடுத்த கொரலு தப்புலே. மருந்து கலக்குற எடத்துல யாரும் கத்தமாட்டாக, கை பதறுனா அம்புட்டுதான். எல்லாரும் மெதுவாத்தான் பேசுவோம்."

ஆகவே, சக அவஸ்தைக்காரர்களே, கேம் ஆடும்போது ஸ்கிரீன் கறுத்தால் கேபிளைப் பிடுங்கிச் சொருகுங்கள், கார்டை ஊதுங்கள், அதற்கெல்லாம் முன்னால் உங்கள் வீட்டில் யாருடைய சட்டை எங்கே காய்கிறது என்று ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள்.